அறுபது டிகிரி

வைத்தீஸ்வரனுக்கு அன்று காலை தன்மேல் ஏகத் திருப்தி.

முந்தின நாள் சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஹேமா போன் செய்திருந்தாள். வயிற்றில் கட்டி. வருகிற பௌர்ணமி அன்று ஆபரேஷன். கட்டி எந்த ரகம் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா வர முடியுமா என்று கேட்டாள். வைத்தீஸ்வரன் கண்ணை மூடி ஒரு மூச்சை இழுத்து விட்டார். "எல்லாம் இறைவன் சித்தம் கண்ணு. நல்லதே நடக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த கையோடு மணிக்கட்டைப் பிடித்து நாடியும் பார்த்தார். கொஞ்சம்கூட ஏறவில்லை. மனுஷன் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் உப்புமா சாப்பிட்டார். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதே ஆள்தான் மனைவி விமலா இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் விழுந்து கதறியவர். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம் பம்ப் கம்பெனி என்ஜினியர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த மாதிரி ஒரு வலியை இன்னொரு தடவை படக் கூடாது என்பதுதான் அவர் வந்த காரணம். கடவுளைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ஆசிரமம் என்றால் பெரிய கோபுரமும் மண்டபமும் கிடையாது. படுத்த படுக்கையாகிவிட்ட, கேட்க நாதியில்லாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம். அதை ஒட்டிச் சீடர்கள் தங்கும் நாலைந்து அறைகள். எல்லாவற்றுக்கும் தலைவி செண்பகத்தம்மா. வைத்தீஸ்வரனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அதில் இரண்டு பேருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. அவர் இவரை "அம்மா" என்பார், இவர் அவரை "என்ஜினியர் சார்" என்பார்.

அம்மா பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைத்தீஸ்வரன் போய் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க சார்."

"எதுவுமே தொடாத மனசுன்னு சொல்றாங்களே. அது வந்துட்டா, வந்திருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு வந்திருக்கு?"

அதற்காகத்தானே காத்திருந்தார். ஹேமா பேசியது, தான் சொன்னது, நாடி பார்த்தது, எல்லாவற்றையும் பரீட்சையில் பாஸான பையன் மார்க் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். உப்புமாவை மட்டும் விட்டுவிட்டார்.

"பௌர்ணமிக்குத்தானே உங்களுக்கும் காவி?"

"ஆமாங்க. ரெண்டும் ஒரே நாளுங்க."

"சங்கடமா இல்லையா?"

"துளிகூட இல்லைங்க."

அம்மா மறுபடியும் கீரைக்குக் குனிந்துவிட்டார். பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

"வாஷிங் மெஷின் எப்படி ஓடுது?"

வைத்தீஸ்வரனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மனுஷன் எவ்வளவு பெரிய விஷயம் சொல்கிறான், இந்த அம்மா மெஷினைக் கேட்கிறாரே என்று தோன்றியது. ஆனாலும் மெஷின் விஷயத்திலும் அவருக்குப் பெருமைப்பட இடம் இருந்தது.

"அருமையா ஓடுதுங்க. முந்தி நின்னு நின்னு போயிட்டிருந்தது. இப்பெல்லாம் நிக்கறதே இல்லைங்க."

"நல்லது" என்றார் அம்மா.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்கப் போகிறவர் அதற்கு முந்தின மாதம் பூராவும் இல்லத்துத் துணி அத்தனையும் வெளுக்க வேண்டும். படுக்கையிலேயே எல்லாம் போகிறவர்களின் விரிப்பு, வாந்தி எடுத்த துண்டு, புண்ணில் ஒட்டிக்கொண்ட சட்டை, ஒன்று பாக்கி இல்லாமல். இது செண்பகத்தம்மாவின் குரு காலத்தில் வந்த ஏற்பாடு. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்ல மாட்டாராம், சோப்பை எடுத்துக் கையில் கொடுப்பாராம். அப்போது கல்லில் அடித்துத் துவைத்தார்கள். இப்போது ஒரு பக்தர் வாங்கிக் கொடுத்த பெரிய மெஷின் இருக்கிறது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு, மேலே பச்சை எழுத்து ஓடும் பேனல். துணியைப் போட்டு அறுபது டிகிரி என்று அமுக்கினால், அதுவே தண்ணீர் பிடித்து, சூடாக்கி, துவைத்து, பிழிந்து வைத்துவிடும். நோயாளிகளின் துணி என்பதால் அறுபதுக்குக் குறையக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் வைத்தீஸ்வரனிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் கைக்கு வந்த முதல் வாரமே மெஷின் தகராறு பண்ணியது. தண்ணீர் பிடிக்கும், ஏதோ எழுத்தைக் காட்டும், பீப் பீப் என்று கத்தும், அப்படியே நின்றுவிடும். வைத்தீஸ்வரன் அசரவில்லை. ஆயுசு பூராவும் கன்ட்ரோல் பேனலோடு குடித்தனம் நடத்தியவர். பின்பக்கத்தைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்து, ஏதோ ஒன்று செய்து மூடினார். அன்றிலிருந்து மெஷின் மூச்சுக் காட்டவில்லை. போட்டால் ஓடும், முடிந்தால் நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் மனசைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்து, இல்லத்து நர்ஸ் பிலோமினா ஒரு விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துணி அறைக்கு வந்தாள். பிலோமினா அதிகம் பேச மாட்டாள். பேச வந்தால் விட மாட்டாள்.

"சார், இதை மோந்து பாருங்க."

"ஏம்மா, துவைச்ச துணிதானே?"

"அதான் கேக்குறேன். துவைச்சதா?"

"மழைக்காலம்மா. வராந்தாவுல காயப்போட்டா வாடை வரத்தான் செய்யும்."

"போன ஐப்பசிக்கும்தான் சார் மழை பேஞ்சுது. அப்போ இந்த வாடை இல்லை. படுக்கையில கிடக்காரே குருவையா, அவர் முதுகு பூரா தடிப்புத் தடிப்பா வந்திருக்கு. பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஆரம்பிச்சிருக்கு. தண்ணி சூடாகுதா சார்?"

"பேனல்ல அறுபதுன்னு காட்டுதேம்மா. வந்து பாரு."

"எனக்குப் பேனல் தெரியாது சார். குருவையா முதுகு தெரியும்."

வைத்தீஸ்வரனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முன்னாடியாக இருந்தால் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருப்பார். இப்போது அவர் பக்குவப்பட்டவர். எனவே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து பிலோமினாவுக்குத்தான் சுருக்கென்று வந்தது. அவள் விரிப்பை அவர் மேஜையில் போட்டுவிட்டு நேரே அம்மாவிடம் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் செண்பகத்தம்மா வந்தார். எதையும் விசாரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த விரிப்பை எடுத்து மடித்தார்.

"சார், நீங்க மத்தியானம் கொஞ்சம் படுப்பீங்கல்ல?"

"படுப்பேனுங்க. பாயில."

"இன்னிக்குப் பாய்மேல இதை விரிச்சுக்கங்க. மேல்சட்டை வேண்டாம். குருவையாவும் சட்டை போடுறதில்லை."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குரு சொன்னால் சொன்னதுதான். சாப்பிட்டு வந்து வைத்தீஸ்வரன் விரிப்பை விரித்தார், சட்டையைக் கழற்றினார், படுத்தார். முதலில் வாடை வந்தது. மழை வாடை இல்லை அது. மழை வாடை அவருக்குத் தெரியும். திரும்பிப் படுத்தார். கன்னத்துக்குக் கீழே துணி லேசாகப் பிசுபிசுத்தது. ஒருக்களித்துப் படுத்தார். தோள்பட்டையில் நமநமவென்று ஊறியது. சொறிந்தார். குருவையாவின் ஞாபகம் வந்தது. குருவையாவுக்கு இரண்டு கையும் விழுந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. ஊறினால் அவர் யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிடக் குரலும் சரியாக வராது.

வைத்தீஸ்வரன் எழுந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் அதில் படுக்க அவரால் முடியவில்லை.

துணி அறைக்கு வந்தார். சாப்பிடப் போகுமுன் போட்ட துணி உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. பேனலில் அறுபது என்று பச்சையாக எரிந்தது. அவர் கையை நீட்டிக் கண்ணாடிக் கதவைத் தொட்டார். அறுபது டிகிரி தண்ணீர் உள்ளே இருந்தால் அந்தக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடி சில்லென்று இருந்தது.

ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அது சில்லென்றுதான் இருக்கும் என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதுதான் அவரைச் சுட்டது.

அம்மாவைத் தேடிப் போனார். அம்மா குருவையாவின் முதுகுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். வைத்தீஸ்வரன் கட்டில் பக்கத்திலேயே நின்று, குருவையா காது கேட்கவே சொன்னார்.

"தப்பு என்னோடதுங்க. மெஷின் தண்ணியைச் சூடு பண்றதில்லை. அது எனக்குத் தெரியும்."

குருவையா அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, காட்டுங்க."

பிளக்கைப் பிடுங்கி, மெஷினைத் திருப்பி, பின்தகட்டைக் கழற்றினார் வைத்தீஸ்வரன். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் டார்ச்சோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளே பெரிய தொட்டி, பெல்ட், மோட்டார், கலர் கலராக ஒயர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். முதல்ல இருந்து சொல்லுங்க. தண்ணி போதும்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

சொல்லிக் கொடுப்பது என்றால் வைத்தீஸ்வரனுக்குக் கரும்பு. வந்த காரியத்தின் வருத்தம்கூடக் கொஞ்சம் விலகியது.

"இந்த டியூப்பைப் பாருங்க. தொட்டி அடியில இருந்து மேல வருது. உள்ள காத்து அடைஞ்சிருக்கு. தண்ணி ஏற ஏற அந்தக் காத்து அமுங்கும். மேல இருக்கற இந்த வட்டச் சாமான், அதான் சென்சாருங்க, எவ்வளவு அமுங்குதுன்னு பாத்து போர்டுக்கு, அதாவது மெஷினோட மூளைக்குச் சொல்லும். போர்டு உடனே தண்ணியை நிறுத்திரும்." அவர் முகம் மலர்ந்தது. "விசேஷம் என்னன்னா, தண்ணி இதைத் தொடறதே இல்லைங்க. தொடாமயே தெரிஞ்சுக்குது."

"தொடாமயேவா?"

"தொடாமயேங்க."

"காத்து அமுங்கலைன்னா?"

"அப்பத் தெரியாதுங்க. தண்ணி வழிஞ்சு ரூம் பூரா ஓடும்."

"அப்போ அமுங்கணும்."

"அமுங்கோணுங்க" என்று ஒப்புக்கொண்டார் வைத்தீஸ்வரன்.

அம்மா டார்ச்சை மோட்டார் பக்கம் திருப்பினார். "பிழியறப்போ சில சமயம் இது கொஞ்ச நேரம் யோசிக்குதே. அது என்ன?"

"கனமான போர்வையெல்லாம் ஒரே பக்கமா சேந்துக்கும்ங்க. அப்படியே வேகமாச் சுத்தினா ஆட்டம் கண்டுரும். மோட்டார் சுத்தறதை இந்தச் சின்னச் சென்சார் எண்ணிக்கிட்டே இருக்கு. சுத்து சீரா இல்லைன்னா போர்டு வேகம் எடுக்காது. நிறுத்தி, மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி, துணியைப் பிரிச்சுப் போட்டு, மறுபடியும் பாக்கும். ஒத்து வரலைன்னா மறுபடியும் நிறுத்தும்."

"பொறுமைதான்."

"இல்லைன்னா மெஷின் இடத்தை விட்டுப் பெயர்ந்து நடந்தே வந்துருமுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "இதையெல்லாம் முடிவு பண்றது அந்தப் போர்டா?"

"ஆமாங்க. ஆனா அதுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. இதுக சொல்றதை அப்படியே நம்பும். பொய் சொன்னாலும் நம்பும்."

அம்மா டார்ச்சைத் தொட்டியின் அடிப்பக்கம் திருப்பினார்.

"சூட்டை யார் சொல்லுவாங்க?"

வைத்தீஸ்வரன் தொட்டிக்கு அடியில் கையை விட்டு, ஒரு ஒயர் முனையை வெளியே இழுத்தார். அதில் அரிசி அளவுக்கு ஒரு சின்னச் சாமான் பற்றவைத்திருந்தது. பக்கத்தில் பெட்டியில் கிடந்த பழைய சென்சாரையும் எடுத்து அம்மா கையில் வைத்தார்.

"இதுதானுங்க நிஜமான சென்சார். தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். கரண்டை இது கொஞ்சம் தடுக்கும். தண்ணி சுட்டா, தடுக்கறது குறையும். எவ்வளவு குறையுதுன்னு பாத்து, இப்ப நாப்பது, இப்ப அம்பதுன்னு போர்டு தெரிஞ்சுக்கும்."

"சூட்டுல இது மாறிக்கிட்டே இருக்கணும்."

"மாறறதுதானுங்க இதோட வேலையே. இது செத்துப் போச்சு. அதனாலதான் மெஷின் நின்னு நின்னு கத்துச்சு. புதுசு மதுரையில இருந்து வரோணும்னாங்க. அதுவரைக்கும் என்ன பண்றது? துணி குவியுது. அதனால இந்த ரெசிஸ்டரை வெச்சுப் பத்தவெச்சேன்."

"இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுங்க. ஐஸ் தண்ணியா இருந்தாலும் கொதிக்கற தண்ணியா இருந்தாலும் ஒரே பேச்சுத்தான். அறுபது, அறுபது, அறுபது."

அம்மா அந்த அரிசி அளவுச் சாமானை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல திடமான ஆளு."

வைத்தீஸ்வரன் பழைய சென்சாரை வாங்கிப் பெட்டியில் போட்டார்.

"ஏன் சார் அறுபது? முப்பதுன்னு சொல்றதை வெச்சிருக்கலாமே?"

"முப்பது வெச்சா, இன்னும் சுடலை, இன்னும் சுடலைன்னு போர்டு ஹீட்டரைப் போட்டுக்கிட்டே இருக்குமுங்க. கொதிச்சுப் போயி எங்கியாவது பத்திக்கும். அறுபதுன்னு சொல்லிட்டா, ஏற்கனவே சுட்டாச்சுன்னு நெனச்சு ஹீட்டரையே போடாது. அதுதானுங்க பாதுகாப்பு."

"யாருக்கு?"

"மெஷினுக்குங்க."

"உள்ள இருக்கிற துணிக்கு?"

வைத்தீஸ்வரன் கழற்றி வைத்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

மழை கொஞ்சம் வலுத்தது. வராந்தாவில் யாரோ ஓடிப்போய்க் கொடித்துணியை உள்ளே தள்ளினார்கள். அம்மா டார்ச்சை அணைத்தார்.

"புது சென்சார் எப்ப வரும் சார்?"

இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சுங்க."

"எங்க?"

"ஆபீஸ் அலமாரியில. வந்து ரொம்ப நாளாச்சுங்க." குரல் இறங்கிவிட்டது. "மெஷின்தான் சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருந்ததே. எதுக்கு அதைப் போயி நோண்டறதுன்னு விட்டுட்டேனுங்க."

அம்மா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வைத்தீஸ்வரனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மாட்டிட்டு, எல்லா விரிப்பையும் மறுபடியும் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே மாட்டினார். முதல் தடவை ஓடவிட்டுக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். முதலில் சில்லென்று இருந்தது. பிறகு வெதுவெதுப்பு வந்தது. பிறகு சூடு. பிறகு கையை எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே நுரை பழுப்பாக வந்தது. இத்தனை நாளும் அந்தப் பழுப்பில்தான் மனுஷர்கள் படுத்திருந்தார்கள் என்று நினைக்க அவருக்குக் கேவலமாக இருந்தது. இரண்டாவது தடவை போட்டபோது போர்வைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்து மெஷின் நின்றது, உருட்டியது, மறுபடியும் நின்றது. அவர் கோபப்படவில்லை. எழுந்து போய்ப் போர்வைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தார்.

பௌர்ணமிக்குள் இல்லத்தில் இருந்த துணி அத்தனையும் மறுபடியும் வெளுத்து முடித்தார். குருவையாவின் முதுகில் தடிப்பு வாடத் தொடங்கியது. பிலோமினா ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவளிடம் அது பெரிய சான்றிதழ்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. கடைசியாக வெளுக்க வேண்டிய துணி அவரவர் காவி. வைத்தீஸ்வரன் தன்னுடையதைக் கையாலேயே அலசி, பிழிந்து, வராந்தாக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீசில் போன் அடித்தது. யாரும் இல்லாததால் அவரே போய் எடுத்தார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

ஹேமாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சாதாரணமாக இருக்க அவள் படுகிற பாடு அதில் தெரிந்தது. போன தடவையும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்றைக்கு இவர் காதில் அது விழவில்லை.

"சாப்பிட்டேன் கண்ணு."

"சும்மாதான் கூப்பிட்டேங்ப்பா. ஆஸ்பத்திரியில சேந்தாச்சு. நாளைக்குக் காலையில உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. கூட யார் இருப்பாங்கன்னு நர்ஸ் கேட்டாங்க. அவரு இருக்காரு, அத்தை இருக்காங்கன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு நாளைக்கு விசேஷம். நீங்க அதைப் பாருங்க. ஆசீர்வாதம் மட்டும் பண்ணுங்க, போதும்."

வைத்தீஸ்வரன் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார்.

"எல்லாம் இறைவன்..."

அதற்கு மேல் வரவில்லை. இழுத்த மூச்சு விம்மலாக வெளியே போனது. போனைப் பிடித்த கை நடுங்கி, ரிசீவர் காதில் இடித்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் போனில் தெரியாது என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"அப்பா, அழறீங்களா?"

"இல்ல கண்ணு."

ஹேமாவும் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா போனதுக்கப்புறம் நீங்க அழுது நான் கேட்டதே இல்லைங்ப்பா. எனக்கு யாருமே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்பக் கொஞ்சம் தேவலாமா இருக்குது."

போனை வைத்ததும் வைத்தீஸ்வரன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நாடி பார்க்கும் நினைப்பு வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது அவருக்கே கேட்டது. பயமாக இருந்தது. மகளைப் பற்றிய பயம். விமலாவை உள்ளே கொண்டுபோன அன்று இருந்த அதே பயம், கொஞ்சமும் பழசாகாமல் இருந்தது.

எழுந்தார். செண்பகத்தம்மா சமையலறை வாசலில் நாளைக்கு வேண்டிய பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தார். வைத்தீஸ்வரன் எதிரே போய் நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"அம்மா, போச்சுங்க."

"என்ன போச்சு?"

"நாலு வருஷம் போச்சுங்க. எல்லாம் வந்துருச்சு. வந்த அன்னிக்கு எப்படி இருந்தனோ அப்படியே நிக்கறேன்."

அம்மா பூவைத் தட்டில் வைத்தார்.

"அவ ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு கேட்டா. ஒரு வார்த்தை சொல்ல முடியலைங்க. நான் இப்பவே கிளம்பிப் போறேன். நீங்க வேண்டாம்னாலும் போவேனுங்க."

"திண்டுக்கல்லுக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு. அங்க மாறிக்கிட்டா ராத்திரி சாப்பாட்டுக்குக் கோயம்புத்தூர்."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு எதிரில் ஆள் இல்லாமல் போன மாதிரி இருந்தது.

"காவிங்க?"

"அது இன்னும் ஈரமா இருக்கு. காயட்டும்."

வைத்தீஸ்வரன் நகரவில்லை. வலது கையைத் தூக்கி அம்மாவிடம் காட்டினார். விரல்கள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

"இதைப் பாருங்க. நிறுத்த முடியலைங்க. தைரியம் சொல்ல வேண்டியவன் இப்படி நடுங்கிக்கிட்டுப் போயி நின்னா, அவ என்ன ஆவா?"

செண்பகத்தம்மா அந்தக் கையைப் பார்த்தார்.

"நடுங்கட்டும் சார். அப்படியே கொண்டுபோய் அவ கையில கொடுங்க."